உள்மூடியில் இருந்த எழுத்து

தர்ஷி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் ஒரு பட்டியல் சொன்னாய். கொழும்பில் நீங்கள் எடுத்திருக்கும் வீடு பெரியது, அறைகள் வெறுமையாகக் கிடக்கின்றன, இங்கே சும்மா இருக்கும் சாமான்களைக் கொண்டுபோகலாமா என்று கேட்டாய். சின்ன குக்கர், அப்பாவின் ரேடியோ, நீ படித்த மேசை, இரண்டு பிரம்புக் கதிரைகள், மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் இடியப்பத் தட்டுகள். ஒவ்வொன்றையும் பழைய கொப்பியின் கடைசித் தாளில் எழுதிக்கொண்டேன். நீ சொல்லி முடித்த பிறகும் பேனாவை மூடாமல் வைத்திருந்தேன். வேறு என்ன வேண்டும் என்று கேட்டேன். வேறு ஒன்றும் இல்லை என்றாய். பிறகு மழையைப் பற்றிப் பேசினோம். உன் கல்யாணம் முடிந்த இந்த எட்டு மாதமாக நாம் இருவரும் மழையைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும்தான் பேசுகிறோம். அதற்கு முன்பு நீ எனக்கு என்னவெல்லாம் சொல்வாய் என்று நினைத்துப் பார்த்தால், அலுவலகத்தில் உன் பக்கத்து மேசைக்காரியின் பூனைக்குக் காய்ச்சல் வந்தது வரை எனக்குத் தெரிந்திருந்தது.

நகைப்பெட்டியை நீ கேட்கவில்லை. கேட்காமல் விட்டது மறதியால் அல்ல என்று எனக்குத் தெரியும். அப்பா தன் கையால் செய்த ஒரே பொருள் இந்த வீட்டில் அதுதான். அவருடைய ரேடியோவைக் கேட்கிற பெண், அவர் செய்த பெட்டியை மறப்பாளா? அதை நான் கெடுத்துவிட்டேன். பெட்டியைக் கெடுத்ததைவிடப் பெரிய பிழை ஒன்றையும் அதே வாரத்தில் செய்தேன். இரண்டையும் உனக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதினால் வரும். சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். இதைத் தபாலில் போடாமல் பத்திரிகைக்கு அனுப்புகிறேன் என்று அறிந்தால் முதலில் உனக்குக் கோபம் வரலாம். அந்தப் பெரிய பிழை ஒரு பொய், அதை நான் நாற்பது பேர் முன்னால் சொன்னேன், மகளே. உண்மையை மட்டும் உன் காதில் இரகசியமாகச் சொல்வது நியாயமாகப் படவில்லை. நம் முழுப் பெயர்களைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன், ஏனென்றால் அவை உன் பெயர்களும்தான். தெரிந்தவர்களுக்குத் தெரியட்டும்.

பெட்டியின் கதை உனக்குத் தெரியும். ஆனாலும் இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உன் அப்பாவும் நானும் புசல்லாவைப் பக்கம் ஒரே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அவர் தோட்டத்து ஃபெக்டரியில் தேயிலைப் பெட்டி அடிக்கிற பாஸாக, அதாவது தச்சராக இருந்தார். தேயிலையை அந்தக் காலத்தில் பலகைப் பெட்டியில் அடைத்துத்தான் கப்பலுக்கு அனுப்புவார்கள். பெட்டியின் பக்கத்தில் எழுத்து வெட்டிய தகட்டை வைத்துக் கறுப்பு மையால் தோட்டத்தின் பெயரையும், தேயிலையின் ரகத்தையும், பெட்டி எண்ணையும் பதிப்பார்கள். எங்கள் கல்யாணம் நிச்சயமானபோது அவர், ஃபெக்டரியில் கழித்துப் போட்ட ஒரு பெட்டிப் பலகையையும், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் விழுந்த பலாமரத்தின் துண்டுகளையும் வைத்து எனக்கு ஒரு நகைப்பெட்டி செய்தார். நான்கு பக்கமும் பலா. மூடிக்கும் அடிக்கும் தேயிலைப் பெட்டிப் பலகை. எழுத்து இல்லாத பலகை அங்கே எத்தனையோ கிடந்திருக்கும். அவர் வேண்டுமென்றே எழுத்து உள்ள பலகையை எடுத்து, தோட்டத்தின் பெயர் ஓர் எழுத்தும் வெட்டுப்படாமல் மூடியின் உட்பக்கத்தில் வருமாறு அளந்து அறுத்திருந்தார். திறந்தால் முதலில் அதுதான் கண்ணில் படும். "எங்க போனாலும் தெறந்து பாத்தா நம்ம ஊரு இருக்கும்" என்று சொல்லித்தான் என் கையில் தந்தார்.

நான் அதை வாங்கிய முகத்தை இப்போது நினைத்தால் எனக்கே பிடிக்கவில்லை. நான் அதற்குள் கண்டியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்துவிட்டேன். சேலை உடுத்தும் விதம், பேச்சு, எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை உனக்கு நான் சொன்னதில்லை. உயர்தரம் படிக்கத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் கண்டிக்கு வரத் தொடங்கியபோது எனக்குப் பதினாறு வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்த புத்தகங்களை எல்லாம் இரண்டு தடவை வாசித்து முடித்தவள் என்ற பெருமையோடு வந்தேன். முதல் நாள் வகுப்பில் ஒரு கவிதையை நிறுத்தாமல் ஒப்பித்தேன். ஆசிரியை பாராட்டினார். நான் உட்கார்ந்ததும் பின் வரிசையில் இருந்தவள் குனிந்து என் தோள்பட்டையை முகர்ந்தாள். "விறகுப் புகை" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அவ்வளவுதான். திட்டவில்லை, அடிக்கவில்லை. அவர்கள் சிரிக்கக்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து நான் சீருடையைத் துவைத்துக் காயவைத்து, விறகு அடுப்பு எரியாத பக்கத்து வீட்டு அலுமாரியில் வைக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு காலையும் அவர்கள் வீட்டுக்குப் போய் உடுத்திக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். அம்மா கேட்டதற்கு, எலி கடிக்கிறது என்று சொன்னேன். என் முதல் பொய் அதுதான் என்று நினைக்கிறேன். அது சின்னதாகவும் சுத்தமாகவும் இருந்தது.

கல்யாணம் முடிந்து கட்டுகஸ்தோட்டையில் வீடு எடுத்தோம். தேயிலையைக் கடதாசிச் சாக்கில் அடைக்கத் தொடங்கியதால் பெட்டி அடிப்பவர்களுக்கு ஃபெக்டரியில் வேலை இல்லாமல் போயிற்று. அப்பா பிலிமத்தலாவையில் ஒரு தளபாடப் பட்டறையில் நாட்கூலிக்குச் சேர்ந்தார். நான் அலுவலகத்துத் தோழிகள் வீட்டுக்கு வருவார்கள் என்று, பெட்டியின் உள்மூடியில் சிவப்பு வெல்வெட் துணியை வெட்டி ஒட்டினேன். அழகுக்காக என்று அவரிடம் சொன்னேன். அவர் துணியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒட்டு நேராக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அந்தத் துணியை நீதான் பிய்த்தாய். உனக்கு ஆறு வயது இருக்கும். பசை காய்ந்து ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. நீ அதைப் பிடித்து இழுத்துவிட்டாய். நான் சமையலறையிலிருந்து வந்து பார்த்தபோது அப்பா உன்னை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். நீ ஆங்கில எழுத்துகளைப் பாலர் வகுப்பில் படிக்கவில்லை, அந்த மூடியில் படித்தாய். தோட்டத்தின் பெயர், பி.ஓ.பி. என்ற ரகம், முந்நூற்றுப் பதினேழு என்ற எண். இந்தப் பெட்டிக்கு முன்னால் முந்நூற்றுப் பதினாறு பெட்டி எங்கே போயிற்று என்று நீ கேட்டாய். கடலுக்குப் போய்விட்டன, இது ஒன்று மட்டும் உன்னைப் பார்க்கத் திரும்பி வந்தது என்று அவர் சொன்னார். நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். நான் துணியை மறுபடி ஒட்டவில்லை. ஆனால் ஆட்கள் வரும்போது பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது உனக்கு ஞாபகம் இருக்கக் கூடாது என்று பல வருடமாக ஆசைப்பட்டேன். ஐந்தாம் வகுப்பில் உன் தோழி ஒருத்தியின் பிறந்தநாளுக்குப் போயிருந்தோம். அவளுடைய அம்மா, உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டார். பிலிமத்தலாவையில் பர்னிச்சர் கடை வைத்திருக்கிறார் என்றேன். பட்டறை கடையாயிற்று, கூலிக்காரர் முதலாளியானார், ஒரே மூச்சில். வீட்டுக்கு நடந்து வரும்போது நீ கேட்டாய்.

"அப்பா எப்பம்மா கடை வாங்கினாரு?"

பெரியவர்கள் பேசும்போது இதையெல்லாம் கேட்கக் கூடாது என்று சொன்னேன். நீ அதற்குமேல் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அந்தத் தோழி நம் வீட்டுக்கு வந்தாள். அப்பாவின் கடையைப் பார்க்கப் போகலாமா என்று அவள் கேட்பதும், "இன்னைக்கு மூடியிருக்கு, அடுத்த தடவ பாப்போம்" என்று நீ சொல்வதும் எனக்குச் சமையலறையில் கேட்டது. பத்து வயதுப் பிள்ளை கண் சிமிட்டாமல் சொன்னாய். தர்ஷி, எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? கெட்டிக்காரி என்று தோன்றியது. உனக்குப் பிடித்த பால் ரொட்டியை அன்று சுட்டுக் கொடுத்தேன். ஒரு குழந்தைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்து அதற்குப் பரிசும் கொடுத்த தாய் நான். மாலையில் அப்பா வேலை முடிந்து தலையில் மரத்தூளோடு வந்து உங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார். உன் தோழி, இவர் யார் என்பது போல உன்னைப் பார்த்தாள். நீ சட்டென்று எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாய். பொய்யையும் காப்பாற்றினாய், அவரையும் விட்டுக்கொடுக்கவில்லை. எப்படி அந்த வயதில் அது முடிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அப்பா இறந்துபோய் நான்கு வருடத்துக்குப் பிறகு உனக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. பேச்சு என்று சொல்வதே தவறு, நீங்கள் இருவருமே விரும்பி முடிவு செய்திருந்தீர்கள். மாப்பிள்ளை வீட்டார் கண்டி டவுனில் இரண்டு தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருப்பவர்கள் என்று நீ சொன்னதும், சந்தோஷத்துக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. முதல் தடவை அவர்கள் நம் வீட்டுக்கு வந்தபோது உன் மாமியார் கேட்காமலே நான் பர்னிச்சர் கடையைப் பற்றிச் சொன்னேன். இறந்த மனிதரை இன்னொரு தடவை முதலாளியாக்கினேன். நீ தேநீர்த் தட்டோடு நின்றிருந்தாய். தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாய்.

பரிசம் போடும் நாளுக்கு, சீர்த் தட்டுகளோடு நகையை அந்தப் பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்று நீ சொன்னாய். நான் சரி என்றேன். பழையதாக இருக்கிறதே, கொஞ்சம் துடைத்து வைக்கிறேன் என்றும் சொன்னேன். நீ கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாய். நான் கைபேசியில் வீடியோக்கள் பார்க்கத் தொடங்கினேன். பழைய மரப்பெட்டிகளுக்குப் பெயின்ட் அடித்துப் புதிதாக்குகிற வீடியோக்கள். பார்க்க எவ்வளவு ஆசையாக இருந்தது என்று மறைக்கமாட்டேன். கறுத்துப்போன ஒரு பெட்டி பத்து நிமிடத்தில் பாலாடை நிறத்தில், தங்கக் கரையோடு, கடையில் வைத்தது போல மாறிவிடுகிறது. பள்ளிக்கூடக் காலத்தில் பாடக் குறிப்பு எடுப்பது போல எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். முதலில் மெருகு போகத் தேய்க்க வேண்டும், தூசியை ஈரத்துணியால் எடுக்க வேண்டும், கீலையும் பூட்டையும் கழற்ற வேண்டும், பிரைமர் அடித்துக் காயவிட வேண்டும். ஹார்ட்வெயார் கடைக்காரர் நல்ல மனிதர். பலா மரம் என்றதும், வெள்ளையின்மேல் மஞ்சளாகக் கறை ஏறும் என்றார். பிறகு, "பழைய பொட்டின்னா, மையில எழுதினது எதுவும் இருக்கா? இருந்தா அது மேல வந்துரும்" என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரு கடைக்காரரிடம்கூடப் பொய்.

வெளிப்பக்கத்தோடு நிறுத்தியிருக்கலாம். பழைய சாமானுக்குப் பெயின்ட் அடிப்பதில் பிழை இல்லை. உன் அப்பாவே பட்டறையில் எத்தனையோ பழைய கதிரைகளுக்குப் புது நிறம் பூசியவர். நான்கு பக்கமும் மேல்மூடியும் முடிந்தபோது பெட்டி உண்மையிலேயே அழகாக இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, தனக்கும் ஒன்று செய்து தரச் சொன்னார். அதன் பிறகுதான் நான் மூடியைத் திறந்தேன். சாண்ட் பேப்பரை எடுத்து எழுத்தின்மேல் வைத்தேன். முழுவதும் போகவில்லை, மங்கியது. அதன்மேல் ஒரு பூச்சு அடித்தேன். அந்த வாரம் முழுக்கத் தூறல், காற்றில் ஈரம், எதுவும் காய மறுத்தது. அடுத்த நாள் காலையில் பின் விறாந்தையில் பெட்டியைப் பார்த்தபோது, வெள்ளைப் பூச்சுக்கு மேலே எழுத்துகள் திரும்பவும் வந்திருந்தன. தேநீர்க் கறை போல ஒரு நிறத்தில், தோட்டத்தின் பெயர் முழுவதும், எண்ணும்கூட. அங்கே நிறுத்தியிருக்கலாம் என்று நூறு தடவை நினைத்துவிட்டேன். அவரே வந்து நின்றது போல இருந்தது என்று எழுதினால் கதை எழுதுகிறேன் என்று நினைப்பாய். அப்படித் தோன்றவில்லை. எரிச்சல்தான் வந்தது. விடாப்பிடியான கறை என்று நினைத்தேன். இன்னும் இரண்டு பூச்சு அடித்தேன். எழுத்து பிறகு வரவில்லை.

பரிசத்தன்று காலையில் நீ குளித்துவிட்டு வந்து தட்டில் இருந்த பெட்டியைப் பார்த்தாய். கையால் தொடவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நீ என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாய்.

"உள்ளேயுமா?"

நான் தலையாட்டினேன். நீ அறைக்குள் போய்ச் சேலையை உடுத்திக்கொண்டு வந்தாய். முகத்தில் பவுடர் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

அன்றைக்கு நடந்ததைத்தான் பெரிய பிழை என்று மேலே சொன்னேன். மண்டபத்தில் தட்டுகளைக் கைமாற்றும்போது உன் மாமியார் பெட்டியை எடுத்தார். ஆசையோடு எடுத்தார், அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார், மேலே கீழே பார்த்தார். "தர்ஷி சொன்ன பொட்டி இதுதானா சம்பந்தி? உள்ள தோட்டத்துப் பேரு இருக்கும்னாளே" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அந்த எழுத்தைப் பார்க்கவே காத்திருந்தவர் போலத்தான் கேட்டார். நீ அவர்களிடம் எல்லாவற்றையும் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாய் என்று அந்த ஒரு நொடியில் எனக்கு விளங்கியது. லயத்தைப் பற்றி, பெட்டி அடித்ததைப் பற்றி, நாட்கூலியைப் பற்றி. விளங்கிய பிறகாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நாற்பது பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாய் பழக்கப்பட்ட வழியில் போயிற்று.

"அது வேற பொட்டி சம்பந்தி. அத கறையான் அரிச்சிருச்சு. இது கடையில வாங்கினது."

உன் அப்பா அறுத்து, இழைத்து, ஆணி தெரியாமல் பொருத்திய பெட்டி உன் மாமியார் கையில் இருந்தது. நீ எனக்குப் பின்னால் நின்றாய். ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் அன்று எல்லார் முன்னாலும் தலைகுனிந்திருப்பேன். நீ சொல்லவில்லை. பரிசம் முடிந்ததும் பெட்டி நம் வீட்டுக்கே திரும்பி வந்தது. கல்யாணம் முடிந்து போகும்போது நகைகளைத் துணிக்கடைப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாய். பெட்டியைக் கட்டில்மேல் வைத்துவிட்டாய், மூடி மூடியபடி.

இனி இந்த வாரம் நடந்தது. நீ பட்டியல் சொன்ன மறுநாள், பெயின்டை எடுத்துவிடலாம் என்று தின்னர் வாங்கி வந்தேன். உள்மூடியின் ஒரு மூலையில் துணியை நனைத்துத் தேய்த்தேன். வெள்ளை கரைந்து வந்தது. அதோடு கறுப்பும் சேர்ந்து வந்தது. தோட்டத்துப் பெயரின் கடைசி எழுத்தில் பாதி துணியில் சாம்பல் நிறமாக ஒட்டிக்கொண்டது. உடனே நிறுத்திவிட்டேன். அந்தப் பாதி எழுத்து இனி இல்லை. மற்றவை பெயின்டுக்கு அடியில் இருக்கின்றன. திருத்தப் போனதிலும் ஒன்றைக் கெடுத்தேன் என்பதையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். பெட்டியை நான் பழையபடி ஆக்க முடியாது, பேச்சையாவது திருத்தலாம். புதன்கிழமை பெட்டியை ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி டவுனில் உன் மாமியார் வீட்டுக்குப் போனேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், குடிக்க ஏதாவது தருகிறேன் என்று எழுந்தார். அவர் எழுந்து போனால் எனக்குத் தைரியம் போய்விடும் என்று பயந்து நின்றபடியே பெட்டியை எடுத்து வைத்தேன்.

"சம்பந்தி, அந்தப் பொட்டி இதுதான். கறையான் அரிக்கல. நான்தான் பெயின்ட் அடிச்சேன். அவரு தேயிலப் பொட்டி அடிக்கிற பாஸா இருந்தாரு. பொறகு பிலிமத்தலாவையில கூலிக்கு வேல செஞ்சாரு. எங்களுக்குக் கட எப்பவும் இருந்ததில்ல."

அவர் கீரைத் தட்டை நகர்த்திவிட்டுப் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஆச்சரியம் எதுவும் அவர் முகத்தில் இல்லை.

"தெரியும் சம்பந்தி. அன்னைக்கே தெரியும். பெயின்ட் வாசம் மண்டபம் பூரா அடிச்சுச்சு. எங்க வீட்டுக்காரரு வெரல்ல வெள்ளையா ஒட்டிக்கிட்டு, கடையில வாங்கின பொட்டி இன்னும் காயலையான்னு என்கிட்ட கேட்டாரு. நான்தான் அவர முழங்கையால இடிச்சேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது, அழுகையோடு வந்தது. சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது. தனக்குக் கோபமும் இருந்தது என்று ஒளிக்காமல் சொன்னார். தங்களை என்ன மாதிரி ஆட்கள் என்று நான் நினைத்துவிட்டேன், ஒரு தோட்டத்துப் பேரைப் பார்த்தால் பெண் வேண்டாம் என்று எழுந்து போகிறவர்கள் என்றா நினைத்தேன் என்று கேட்டார். இத்தனை வருடம் நான் என்னைப் பற்றிய வெட்கத்தை மட்டுமே பார்த்தேன். அந்த வெட்கத்தால் எதிரில் இருக்கிறவர்களையும் கேவலப்படுத்துகிறேன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கீரையைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு, இத்தனை மாதம் ஏன் என்னிடம் இதைப் பற்றிக் கேட்கவில்லை என்பதைச் சொன்னார்.

"உங்க மக பரிசத்துக்கு மறுநாளே போன் பண்ணினா. அத்த, அம்மாகிட்ட அந்தப் பொட்டியப் பத்தி எப்பவும் கேட்றாதீங்க, அவங்களுக்குத் தாங்காதுன்னா. எனக்கு வாக்குக் குடுங்கன்னு வேற கேட்டா. குடுத்துட்டேன். அதான் கேக்கல."

தர்ஷி, பஸ்ஸில் திரும்பி வரும்போது இந்த ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தேன். நீ என்மேல் கோபமாக இருக்கிறாய் என்று நினைத்தேன். கோபமாக இருந்தால் அதைத் தாங்க நான் தயாராக இருந்தேன். நீ அந்த எட்டு மாதமும் என்னைக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறாய். ஐந்தாம் வகுப்பிலிருந்து செய்த வேலையை நிறுத்தவே இல்லை. என்னோடு மழையைப் பற்றி மட்டும் பேசினாய், ஏனென்றால் வேறு எதைப் பேசினாலும் அது சுற்றி வந்து அங்கே போய் நிற்கும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு தாய் தன் பிள்ளையிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாததை நான் எடுத்துக்கொண்டேன். உன் அப்பாவைப் பற்றி நீ வெளியில் சந்தோஷமாகப் பேசியிருக்க வேண்டிய வருடங்களை எல்லாம் எனக்காக விழுங்கவைத்தேன்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இப்போது இல்லை என்று தெரியும். ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிழை செய்தவளின் அனுபவம் என்று எடுத்துக்கொள். நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் பிறப்பார்கள். அவர்கள் முன்னால் நீ எதற்காகவாவது வெட்கப்பட நேரலாம். எல்லாருக்கும் நேரும். அந்த வெட்கத்தை நீயே வைத்துக்கொள். அவர்கள் கையில் பிடித்துக்கொள்ளக் கொடுக்காதே. பிள்ளைகள் அதைக் கீழே போடமாட்டார்கள். நாம் கொடுத்தது என்பதற்காகவே வைத்துக்கொண்டிருப்பார்கள்.

பெட்டி இப்போது என் அறையில் திறந்தபடி இருக்கிறது. நான் இனி அதைத் தொடமாட்டேன். பிலிமத்தலாவைப் பட்டறையில் அப்பாவோடு வேலை செய்தவர் ஒருவரிடம் விசாரித்தேன். மேல் பூச்சைக் கத்தியால் பொறுமையாகச் சுரண்டினால் சில எழுத்துகள் தப்பலாம், சில போகும், எது எது என்று எடுக்கும்வரை சொல்ல முடியாது என்றார். எடுப்பதா, இப்படியே விடுவதா, அதை நீதான் தீர்மானிக்க வேண்டும். அது உன் அப்பா உனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த பலகை. வேண்டவே வேண்டாம் என்று நீ சொன்னாலும் நான் ஏன் என்று கேட்கமாட்டேன். என்னை உடனே மன்னிக்க வேண்டும் என்றும் இல்லை. உன் மாமியார் மன்னிக்க நேரம் எடுக்கிறார், அது எனக்கு மரியாதையாகவே இருக்கிறது.

ஒன்றை மட்டும் எனக்காகச் செய். உன் மாமியாரிடம் வாங்கிய வாக்கைத் திருப்பிக் கொடுத்துவிடு. அவர் கேட்கட்டும், மாப்பிள்ளை கேட்கட்டும், பரிசத்துக்கு வந்த நாற்பது பேரும் கேட்கட்டும். நீயும் கேள், மகளே. எனக்குத் தாங்கும்.

அம்மா